எழுபது கிராம்

பாய்போலச் சுருட்டி வைத்திருந்தார்
மூன்றை, சலாவுதீன்.
குன்னூர் மவுண்ட் ரோட்டில்
கடிகார பேட்டரியும் கிட்டார் கம்பியும்
ஒரே கண்ணாடிப் பெட்டியில் விற்கிற கடை.
பிரித்துப் போட்டதும் சைக்கிள் டியூப் வாசனை.
"ஊர் சுத்துறவங்க வாங்குறதுதான் மேடம்.
எல்லாம் ஒரே சரக்கு. கலர்தான் வேற."

ஒரே சரக்கு என்பவர்களைச் சரிபார்ப்பதற்குத்தான்
எனக்குச் சம்பளம்.
தேயிலை ஃபேக்டரித் தராசுகளைத் திறந்து
தூசு துடைத்து, பிழை நீக்கி, மூடுகிறவள்.
திங்கள் மஞ்சூர், புதன் கூடலூர்,
வெள்ளி ராத்திரி எங்கேயோ.
நாற்பத்தொரு வயதில்
பியானோ பரீட்சைக்குப் பணம் கட்டியிருக்கிறேன்.
வீட்டுக் கீபோர்டு எந்த பஸ்ஸிலும் ஏறாது.

பையில் எடைக்கற்கள் இருந்தன.
பித்தளை. சாமணத்தால்தான் தூக்க வேண்டும்,
விரல் பட்டால் வியர்வைக்கும் எடை உண்டு.
முதல் ரப்பர் இருபது கிராமுக்கே கத்தியது.
ஸ்வெட்டர் கை உரசினாலே பாடிவிடும்.
இரண்டாவது
நூற்றைம்பதுக்கு வாய் திறக்கவில்லை,
இருநூறில் ஒரு முனகல்.
மூன்றாவது எழுபதில்.
எடுத்து மறுபடி வைத்தேன். எழுபது.
பக்கத்துக் கறுப்புக் கட்டை எழுபத்தைந்து.
போகட்டும்.

"வெங்காயம் வாங்குறப்பவும் இப்படியா?"
ஆமாம் என்றேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் சொன்னது சரி.
எழுபதைத் தாண்டிவிட்டால்
எண்பதோ எண்ணூறோ
மூன்றுக்குமே ஒன்றுதான்.
தடவினாலும் அதே சத்தம்
குத்தினாலும் அதே சத்தம்.
இப்படி ஒரு தராசு என் கையில் சிக்கினால்
சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி
மூலையில் தள்ளிவிட்டு வருவேன்.
இதற்கு ஆயிரத்து எண்ணூறு எண்ணிக் கொடுத்தேன்.
நாற்பத்தொன்பது கட்டை, ஹெட்போன் துளை,
ஒரு வார வாரண்டி, அதுவும் வாய்வார்த்தையாக.

மஞ்சூர் லாட்ஜில் மேஜை இல்லை.
மெத்தையில் விரித்தால்
பள்ளத்தில் விழுந்த கட்டைகள் தாமாகப் பேசின.
அலமாரிப் பலகையைக் கழற்றி
இரண்டு நாற்காலிமேல் போட்டேன்.
குளிரில் சுருள் நிமிர மறுத்தது.
நாலு மூலைக்கும் நாலு பாரம்:
ஐந்நூறு கிராம், ஐந்நூறு கிராம், இருநூறு,
என் வலது கால் ஷூ.

காதுக்குள் பியானோ.
சுவருக்கு அந்தப் பக்கம்
வெறும் டப், டப், டப்டப்.
பத்து மணிக்குக் கதவைத் தட்டியவர்
மின்வாரிய ஜெர்க்கின் போட்டிருந்தார்.
"கேரம் ஆடுறீங்களா? ஆள் பத்தலைன்னா வரட்டுமா?"

எட்டாம் வரிக்கு மேலே பென்சிலில்
"மெதுவா" என்று எழுதியிருக்கிறாள் ரெபேக்கா.
அடிக்கோடு வேறு.
மெதுவாகத்தான் அழுத்தினேன்.
அது அறியவில்லை.
அடுத்த தடவையும் மெதுவாகவே,
அதற்கு அடுத்ததும்.
காதில் வாங்காத ஒன்றிடம்
நயமாகப் பேசுவது எனக்குப் புதிதில்லை;
பதினேழு வருஷ சர்வீஸ்.

விடிந்தபோது ஜன்னல் முழுக்க
குந்தாப் பள்ளத்தாக்கின் மேகம்.
டீ கொண்டுவந்த பையன்
வைக்க இடமில்லாமல் ரப்பர்மேல் வைத்துவிட்டுப் போனான்.
ஹெட்போனைக் கழற்றியிருந்தேன்,
ஆர்கன் ஒலியில் விட்டிருந்தேன்.
கீழ்ப்பக்கத்து மூன்று கட்டைகள்
ஒன்றுக்கொன்று ஆகாதவை
சேர்ந்து எழுந்தன.

ஒரு மிடறு குடித்து, அதே இடத்தில் வைத்தேன்.
மூன்று.
இன்னொரு மிடறு.
மூன்று.
நாலாவதில் இடது ஓரம் ஓய்ந்தது.
ஆறாவதோ ஏழாவதோ, வலது.
காலி டம்ளரின் கனத்துக்கு
நடுவில் ஒன்று மட்டும் நின்றது,
கூட்டாமல் குறைக்காமல்.

எட்டுக்கு ஃபேக்டரி ஜீப் வரும்.
கற்களைப் பெட்டியில் அடுக்கினேன்,
ஷூவைப் போட்டேன்,
பலகையின் ஆணிகளைத் தேடினேன்.
டம்ளரை எடுக்கவில்லை இன்னும்.